கூடப் படித்த வீடு

தூத்துக்குடி ரோட்டில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிற நல்லமுத்தூரில், தெற்குத் தெருவின் கடைசி வீடு நடக்க ஆரம்பித்தது ஒரு வியாழக்கிழமை காலையில். அதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் அந்த வீட்டுப் பெண் கார்குழலி பன்னிரண்டாம் வகுப்புத் தேறிவிட்டாள் என்ற செய்தி வந்திருந்தது என்பதால், ஊரில் யாரும் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பேசவில்லை. பிள்ளை பாஸாகிவிட்டது, வீடு நடக்கிறது என்று ஒரே மூச்சில்தான் சொன்னார்கள்.

குழலி பள்ளிக்கூடம் போகாமல் படித்தவள். ஒன்றாம் வகுப்பில் சேர்த்த புதிதில் ஒரு பருவம் முழுக்க அங்கே வாயைத் திறக்கவே இல்லை. டீச்சர் பேர் கேட்டாலும் பேசவில்லை, மிட்டாய் கொடுத்தாலும் பேசவில்லை, பக்கத்துப் பிள்ளை கிள்ளினாலும் பேசவில்லை. ஆனால் சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஆரம்பிக்கிற பேச்சு தூங்கும்வரை ஓயாது. அவளுடைய அம்மா ஆவுடையம்மா கணக்கில் பட்டம் வாங்கி, அதைப் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருந்தவள். "கொஞ்ச நாளைக்கு வீட்டுலயே இருக்கட்டும்" என்று பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். அந்தக் கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டே போய்ப் பன்னிரண்டாம் வகுப்பில் வந்து நின்றது. கரும்பலகை ஒன்று வாங்கினார்கள், அது போதவில்லை. ஆகவே மாடிப்படி ஒவ்வொன்றின் முகத்திலும் வாய்ப்பாடு ஏறியது, சமையலறைச் சுவரில் உப்பு ஜாடிக்கு மேலே தனிம அட்டவணை ஏறியது, கூடத்துத் தரையில் வைப்பாறும் தாமிரபரணியும் நீலப் பெயிண்டில் ஓடின, குளியலறைக் கதவின் உள்பக்கத்தில் பாண்டியர்கள் வரிசையாக நின்றார்கள். அம்மா சொல்லச் சொல்ல மகள் கேட்டாள், மகளோடு சேர்ந்து சுவரும் உத்திரமும் கேட்டன. திறந்தநிலைப் பள்ளியில் தனித்தேர்வாகப் பத்தாவதை எழுதினாள், பிறகு பன்னிரண்டாவதை எழுதினாள், தேறினாள்.

செய்தி வந்த சாயங்காலம் வீட்டில் பாயசம் வைத்தார்கள். பாயசத்தோடு யோசனைகளும் வந்தன. அப்பாவின் தங்கை பகவதி அத்தை, எந்த நல்ல காரியத்துக்கும் முதல் ஆளாக வந்து நிற்பவள், "இன்ஜினியரிங்தான், வேற பேச்சே கிடையாது, நாளைக்கே நான் கூட்டிட்டுப் போய்க் காலேஜைக் காட்டுதேன்" என்றாள். ஆவுடையம்மா கரண்டியை வைத்துவிட்டு, "எதுக்கு அலையணும்? தபால்ல சேர்ந்து வீட்டுலேர்ந்தே படிக்கட்டும். இத்தனை நாள் சொல்லிக்குடுத்தவளுக்கு இன்னும் மூணு வருஷம் சொல்லிக்குடுக்க வராதா?" என்றாள். அப்பா சங்கரநயினார் தூத்துக்குடி பஸ்ஸில் டிரைவர். "பிள்ளைக்கு எது பிடிக்குதோ அது" என்றார். சாம்பாரைப் பற்றிக் கேட்டாலும் அவர் அப்படித்தான் சொல்வார். குழலியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் நிலவியல் என்று சொல்லியிருப்பாள், ஏனென்றால் சின்ன வயதிலிருந்தே கிணறு தோண்டுகிற இடத்தில் எல்லாம் போய் நின்று, மேலே கருப்பு மண், அதற்குக் கீழே சுண்ணாம்பு, அதற்கும் கீழே பாறை என்று பூமி அடுக்கடுக்காக வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் அது வீட்டிலிருந்து படிக்கிற படிப்பு இல்லை. அதைச் சொன்னால் அம்மாவின் முகம் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை அத்தையோடு அவள் சர்டிபிகேட் ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள், பஸ் ஏறினாள், பஸ் ஊரைத் தாண்டியது. பின்சீட்டில் இருந்தவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். "பின்னாடி ஒரு வீடு வருது" என்று ஒருவர் சொன்னார். "இந்த ரோட்டுலயா?" என்று இன்னொருவர் கேட்டார். கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, முந்திப் போகட்டும் என்று கையைக் காட்டினார், ஆனால் வீடு முந்தவில்லை. முன்படிக்கட்டை எடுத்து வைத்து, பின்கட்டை மெதுவாக இழுத்துக்கொண்டு, கன்றுக்குப் பின்னால் போகிற பசு போலக் கண் எடுக்காமல் பஸ்ஸின் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. குழலி திரும்பிப் பார்த்தாள். மாடிக் கொடியில் அவளுடைய தாவணியும் அப்பாவின் காக்கிச் சட்டையும் காற்றில் ஆடின.

அதே நேரத்தில் தூத்துக்குடியிலிருந்து காலைச் சவாரியைத் திருப்பிக்கொண்டு வந்த சங்கரநயினார், எதிரே ஒரு பஸ் வருவதையும், அதன் பின்னால் தன்னுடைய சொந்த வீடு வருவதையும், சமையலறை ஜன்னலில் தன் மனைவி நிற்பதையும் பார்த்தார். நல்ல டிரைவர் என்பதால் முதலில் இடதுபக்கம் ஒதுங்கி வழிவிட்டார். பிறகு ஹாரன் அடித்தார். ஆவுடையம்மா ஜன்னல் வழியாகக் கரண்டியை ஆட்டி, "சோறு வடிச்சாச்சு, வந்து சாப்பிடுங்க" என்று சொன்னாள். எங்கே வந்து சாப்பிடுவது என்று அவர் கேட்பதற்குள் வீடு கடந்துபோய்விட்டது.

இன்ஜினியரிங் காலேஜில் வாசல் காவல்காரர், வீட்டைக் காருக்கு ஒதுக்கிய இடத்தில் நிறுத்தக்கூடாது என்று சொல்லி, வேப்பமர நிழலைக் காட்டினார். உள்ளே அட்மிஷன் அறையில் இருந்தவர் பிளேஸ்மெண்ட் பற்றியும் ஏசி ஆய்வகம் பற்றியும் நன்றாகவே பேசினார். குழலி எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். கண்ணாடிக் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "எனக்கு இது வேண்டாம் அத்தை" என்றாள். அத்தைக்குக் கோபம் குழலி மேல் வரவில்லை, வீட்டின் மேல் வந்தது. "நீ வந்து நின்ன நேரம்" என்று வெளித்தூணை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் வீடு குழலியின் பின்னால் வந்து தன் பழைய இடத்தில், தன் பழைய அஸ்திவாரக் குழிக்குள் சரியாகக் காலை வைத்து உட்கார்ந்தது. ஏன் இப்படி என்று ஊர் அதிக நேரம் யோசிக்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருந்த லைன்மேன் பரமசிவம், "அந்தப் பிள்ளைகூட அதுவும்தானே படிச்சுது, அதுவும்தானே பாஸாயிருக்கும், அதுக்கும் காலேஜ் போகணும்னு இருக்காதா?" என்று கேட்டார். அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. அதன் பிறகு, எப்படிச் சமாளிப்பது என்பதுதான் பேச்சு. குழலி கடைக்கோ கோயிலுக்கோ போனால் வீடு அசையாது, ஃபைலை எடுத்தால்தான் கிளம்பும் என்பதைத் தெரு சீக்கிரம் கண்டுபிடித்தது. ஆகவே ஃபைல் வெளியே வருகிற நாளில் பரமசிவம் காலையிலேயே வந்து கம்பத்திலிருந்து வயரைக் கழற்றிச் சுருட்டி மாடியில் வைத்துவிட்டுப் போனார், சாயங்காலம் வந்து மாட்டினார். வீடு போன காலி இடத்தில் நல்ல வெயில் அடித்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் அங்கே வத்தலும் வடகமும் காயப்போட்டார்கள், தெருமுனையில் இருந்து யாராவது "வீடு வருது, அள்ளுங்க" என்று குரல் கொடுத்தால் அள்ளிக்கொண்டார்கள். டோல்கேட்டில் கட்டண அட்டவணையை மேலிருந்து கீழே இரண்டு தரம் படித்துப் பார்த்து, அதில் வீடு இல்லாததால், பால் வண்டி போகிற பாதையில் விட்டார்கள். புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் ஒரு நாள் மறித்து, இவ்வளவு பெரியதை ஓட்ட லைசென்ஸ் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். சங்கரநயினார் தன் கனரக வாகன லைசென்ஸை எடுத்துக் காட்டினார். அவர் ஓட்டவில்லை, அது தானாகத்தான் நடந்தது, ஆனாலும் கேட்டதைக் காட்டியாகிவிட்டது என்பதால் இன்ஸ்பெக்டர் சல்யூட் அடித்து அனுப்பிவைத்தார்.

காலேஜ் தேடுகிற வீட்டில் ஃபைல் சும்மா இருக்காது. ஜாதிச் சான்றிதழுக்கு ஒரு நாள், வருமானச் சான்றிதழுக்கு ஒரு நாள், போட்டோவுக்கு ஒரு நாள், அந்த மாதம் முழுக்க வீடு ரோட்டில் போய் வந்தபடி இருந்தது. ஊருக்கு வெளியே தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை செய்கிற பெண்கள், ஷேர் ஆட்டோவில் மடிமேல் மடியாக உட்கார்ந்து போவதற்குப் பதில், வீடு மெதுவாகப் போகும்போது படியைப் பிடித்து ஏறிக்கொள்ளப் பழகினார்கள். கம்பெனி வாசலில் இறங்கும்வரை மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து, உட்கார்ந்த படியில் எழுதியிருந்ததை வாசித்தார்கள். பதினாலாம் வாய்ப்பாட்டில் உட்கார்ந்தவள் அடுத்த நாள் பதினைந்தில் உட்கார ஆசைப்பட்டாள்.

இதில் யாரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டவள் ஆவுடையம்மாதான். பிள்ளைக்குப் பாடம் சொல்ல ஆரம்பித்த நாளிலிருந்து அவள் சந்தைக்கு மேல் எங்கும் போனதில்லை. இப்போது காய் நறுக்கிக்கொண்டே ஜன்னலில் பருத்திக்காடு போவதைப் பார்த்தாள், காற்றாலைகள் போவதைப் பார்த்தாள். முதல் நாள் தலை சுற்றியது. மூன்றாவது பயணத்தில் அடுப்பில் பால் பொங்கி வழியாமல் இருக்க எந்த வளைவில் தீயைக் குறைக்க வேண்டும் என்பது வரை அவளுக்குக் கைவந்துவிட்டது.

குழலி கடைசியில் அப்பாவிடம் மட்டும் சொன்னாள். தூத்துக்குடியில் ஒரு காலேஜில் நிலவியல் இருக்கிறது, அங்கே கேட்டுப் பார்க்கலாமா என்றாள். அவர் வழக்கம்போல, "உனக்கு எது பிடிக்குதோ அது" என்றார். அந்த ஒரு தடவை அந்த வார்த்தை அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அப்பாவின் பஸ்ஸிலேயே போனாள், பின்னால் வீடு வந்தது.

நிலவியல் துறையில் ரோசலின் என்ற பேராசிரியை இருந்தார். குழலியைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் வெளியே வந்து வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து அதன் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"கரிசல் மண்ணா?"

"ஆமா மேடம்."

"அதான். மழைன்னா ஊதும், வெயில்னா சுருங்கி வெடிக்கும். எட்டையபுரம் பக்கம் எங்க சித்தப்பா வீடு இப்படித்தான், ஒவ்வொரு வருஷமும் ஒரு விரக்கடை நகரும். உங்களுது கொஞ்சம் கூடுதலா நகருது" என்றார். பிறகு, "கிணறு வெட்டும்போது கருப்பு மண்ணுக்குக் கீழ என்ன வரும்?" என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காத பிள்ளை பேச ஆரம்பித்தாள். சுண்ணாம்புச் சுக்கான் கல்லில் ஆரம்பித்தாள், தங்கள் தெருக் கிணற்றில் மட்டும் ஏன் உப்புத் தண்ணீர், அடுத்த தெருக் கிணற்றில் ஏன் நல்ல தண்ணீர் என்று தனக்குப் பட்ட காரணத்தைச் சொன்னாள், அது தப்பாக இருக்கலாம் என்றும் சொன்னாள். ரோசலின் மேடம் இடையில் மணியைப் பார்க்கவில்லை. முடிந்ததும், "இன்னும் ரெண்டு வாரத்துல, திங்கட்கிழமை, காலேஜ் திறக்குது, அடுத்த வாரத்துக்குள்ள பணம் கட்டிச் சேர்ந்துடு. ஹாஸ்டல் உண்டு. ஆனா வீட்டோட ஹாஸ்டல்ல தங்க முடியாது" என்றார்.

மத்தியானம் வீடு கடற்கரை ஓரத்தில் நின்றது. அப்பா சவாரிக்கு நடுவே சாப்பிட வந்திருந்தார். ஆவுடையம்மா பரிமாறிக்கொண்டே ஜன்னல் நிறையத் தெரிந்த கடலைப் பார்த்து, கல்யாணமான புதிதில் பார்த்ததோடு சரி என்றாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. "இதுக்கு ஏன் ஹாஸ்டல்? வீடு இங்கேயே நிக்கட்டும். நீ காலையில போ, மத்தியானம் வந்து சாப்பிடு, சாயங்காலம் நடத்தின பாடத்தை நான் ஒரு தடவை பார்த்துச் சொல்லிக்குடுக்கேன். நிலவியல் எனக்கும் புதுசு, சேர்ந்தே படிப்போம்" என்றாள்.

குழலி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"அம்மா, நீ வர வேண்டாம்" என்றாள்.

ஆவுடையம்மாவுக்கு முதலில் காதில் விழவில்லை போலிருந்தது. "என்னது?"

"எனக்கு நீ சொல்லிக்குடுக்காத ஒண்ணைப் படிக்கணும்மா. தப்பா எழுதினாலும் நானா எழுதணும். ஹாஸ்டல்ல இருக்கேன். நீ வீட்டைக் கூட்டிட்டு ஊருக்குப் போ." சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது, ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஆவுடையம்மா மோரை ஊற்றினாள், தட்டை எடுத்தாள். அன்று திரும்பி வரும்போது வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. எப்போதும் பஸ்ஸை ஒட்டியே வருகிற வீடு, அன்று தள்ளித் தள்ளி, பார்வைக்கு எட்டுகிற தூரத்தில் மட்டும் வந்தது. தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்கள் கையைக் காட்டியும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்துபோனது. குழலி சேர்ந்துவிட்டாள், அப்பா கூடப் போய்ப் பணம் கட்டினார், பெட்டி வாங்கினார். அன்றும் வீடு தள்ளியே பின்னால் போய் வந்தது. ஆவுடையம்மா சமைத்தாள், மிச்ச நேரத்தில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஒரு நாள் காலையில் கதவைத் தட்டினாள் சண்முகத்தாய். கம்பெனிக்குப் போகிற பெண்களில் ஒருத்தி, எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

"யக்கா, வீடு இன்னைக்குப் போகலையா?"

"போகல" என்றாள் ஆவுடையம்மா, படுத்தபடியே.

"சரி, அப்ப எனக்கும் இன்னைக்கு விடுப்புத்தான். சும்மா சுவத்துல இருக்கிறதை வாசிச்சுட்டுப் போறேன்." உள்ளே வந்தவள் சமையலறையில் தனிம அட்டவணைக்கு முன்னால் நின்று, எழுத்துக் கூட்டி வாசித்தாள். பிறகு கேட்டாள்: "யக்கா, இதுல பாஸ்பரஸ்னு ஒண்ணு போட்டிருக்கே, அது எங்க பெட்டி ஓரத்துல தடவுற மருந்தா?"

ஆவுடையம்மா திரும்பிப் படுத்தாள். "ஆமா. பெட்டி ஓரத்துல அது. குச்சி முனையில கந்தகம் இருக்கும், அதுக்குப் பக்கத்துலயே இருக்கு பாரு."

"பதினஞ்சு வருசமா நகத்துல ஒட்டிக்கிடந்ததுக்கு இங்க கட்டம் கட்டிப் பேரு போட்டிருக்காங்க" என்று சண்முகத்தாய் அந்தக் கட்டத்தை விரலால் தொட்டாள். "ரெண்டும் உரசினா ஏன் தீப்பிடிக்கணும்?"

படுத்துக்கொண்டு சொல்லக்கூடிய பதில் இல்லை அது. ஆவுடையம்மா எழுந்து தலையை முடிந்துகொண்டு வந்தாள். விளக்கம் முடிகிறபோது மத்தியானமாகிவிட்டது. போகிறபோது சண்முகத்தாய் வாசலில் தயங்கி நின்று, "குழலி மாதிரி நானும் வீட்டுலேர்ந்து பத்தாவது எழுத முடியுமாக்கா? இந்த வயசுல எழுதினா சிரிப்பாங்களா?" என்று கேட்டாள்.

"எட்டாவதுல எந்தக் கணக்குல விட்டே?" என்றாள் ஆவுடையம்மா.

மறுநாள் வேலை முடிந்து சண்முகத்தாய் இன்னும் இருவரோடு வந்தாள், அதற்கு மறுநாள் அந்த இருவரும் அவரவர் சிநேகிதிகளோடு வந்தார்கள். மாடிப்படிகள் நிறைந்தன, கூடத்தில் வைப்பாற்றங்கரை முழுக்க ஆட்கள் உட்கார்ந்தார்கள், தாமிரபரணியின் மேலேயே ஒருத்தி கைக்குழந்தையைத் தூங்கப் போட்டாள். பகவதி அத்தை வேடிக்கை பார்க்க வந்து, தானும் பத்தாவதில் ஆங்கிலத்தில் தவறி நின்றவள்தான் என்று முதல் தடவையாக ஒத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். யாரும் பார்க்காதபோது வீடு ஒரு தடவை தன்னைத் தானே அசைத்து நன்றாக உட்கார்ந்துகொண்டது என்று எதிர்வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில், துணிகளை மடித்துக்கொண்டிருந்த குழலியின் பக்கத்தில் வந்து நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல், ஆவுடையம்மா சொன்னாள்: "தூத்துக்குடியில புழுக்கம் ஜாஸ்தி. பருத்தியா பார்த்து எடுத்து வை." குழலி பட்டு மாதிரி மினுங்கிய ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தாள். "அதையும் வை" என்றாள் அம்மா. "விசேஷத்துக்கு ஆகும்."

திங்கட்கிழமை கம்பெனிக்கு விடுமுறை. விடிந்ததுமே வகுப்பு ஆரம்பித்துவிட்டது. குழலி குளித்து, சாப்பிட்டு, ஃபைலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். படியில் நின்று, காலுக்கு அடியில் அந்த மெல்லிய அசைவுக்காகக் காத்தாள். வரவில்லை. லைன்மேன் பரமசிவம்கூட ஏணியோடு வந்து காத்து நின்றார். "கழற்றவா, வேண்டாமா?" என்று கேட்டார். உள்ளே முப்பது பெண்கள் சேர்ந்து ஒரு சமன்பாட்டை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு ஜன்னல் கதவுகள் லேசாகத் தாளம் போட்டன. அதைத் தவிர வீட்டில் வேறு எந்த அசைவும் இல்லை.

ஆவுடையம்மா கையில் சாக்பீஸோடு வெளியே வந்தாள். மகளின் கன்னத்தைத் தொட்டாள், கன்னத்தில் வெள்ளையாக ஒட்டியது. "போய் இறங்கினதும் போன் போடு. பசியோட இருக்காதே."

"சரிம்மா."

"தப்பா எழுதினாலும் பரவாயில்ல" என்றாள் ஆவுடையம்மா, கொஞ்சம் குரல் இறங்கி. அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் உள்ளேயிருந்து சண்முகத்தாய், "யக்கா, இந்தப் பக்கம் இருந்த எக்ஸ் எங்க போச்சு?" என்று கூப்பிட்டாள். "இந்தா வாரேன், அதுக்குள்ள யாரும் அழிச்சுடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஆவுடையம்மா உள்ளே ஓடினாள்.

அப்பாவின் பஸ்ஸில் குழலிக்கு டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட் கிடைத்தது. பஸ் ஊரைத் தாண்டியதும் பழக்கத்தில் எல்லாரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். ரோடு காலியாக இருந்தது. பின்சீட்டுக்காரர் ஒருவர், "இன்னைக்கு லேட்டாக் கிளம்பும்போல" என்றார். கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். குழலியும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். வர வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான், ஆனாலும் தீப்பெட்டிக் கம்பெனி தாண்டி, டோல்கேட் தாண்டி, வெயிலில் கானல் எழும்புகிற நீளமான ரோடு மட்டும் பின்னால் கிடப்பதைப் பார்க்கப் பார்க்க, தன்னைவிட்டு வேறு பிள்ளைகளிடம் போய்விட்ட வீட்டின் மேல் அவளுக்குச் சின்னதாக ஒரு கோபம் வந்தது. கோபம் வந்ததை நினைத்துச் சிரிப்பும் வந்தது. சிரிக்கும்போது மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது.

சங்கரநயினார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். வேகத்தை யாரும் சொல்லாமலே குறைத்திருந்தார்.

"வருதா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

"இன்னும் கொஞ்சம் மெதுவாப் போகட்டுமா?"

அவள் கடைசியாக ஒரு தடவை பார்த்தாள். பிறகு முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"வேண்டாம்பா, வேகமாப் போங்க. முதல் வகுப்புக்கு நேரமாச்சு."